நடாஷாவின் இரண்டாவது ஞானஸ்நானம்

செப்டெம்பர் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ற் முன்னறையில் ஆறு பேர் இருந்தோம். யன்னலோரத்துச் செற்றியில் மெனோ ஜான்ட்சியும் அவர் மனைவி லிடியாவும். மெனோ, கார், மின்சாரம் இல்லாமல் பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவச் சபை ஒன்றின் போதகர். கறுப்புத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். அவர்களுக்கு நேரெதிரே, முதுகுவலிக்காக வாங்கிய கதிரையில் நான். என் வலப்பக்கம் அக்கா யூஜினி, ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மனைவி றோஸ்மேரி குசினி வாசலில், எழும்பி ஓட வசதியாக ஒரு ஸ்டூலில். எங்கள் மகள் நடாஷா ஒருவருக்குப் பக்கத்திலும் இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து, இரண்டு பகுதிக்கும் நடுவில் போட்டு இருந்தாள். அவர்களை ஏற்றிவந்த வான்காரர் கீழே வாகனத்துக்குள்ளேயே நித்திரை.

நடாஷாவுக்கு இருபத்தொன்பது வயது. மருத்துவச்சி. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்து, பட்டம் எடுத்து, ஸ்ட்ராட்போர்ட்டுக்கு அப்பால் ஒரு கிராமப்புறத்தில் வேலைக்குப் போனாள். அங்கே ஆமிஷ் பெண்கள் வீட்டில்தான் பிள்ளை பெறுவார்கள். பனிக்காலத்தில் வீதி மூடினால் இவளும் அந்த வீடுகளிலேயே இரண்டு மூன்று நாள் தங்கிவிடுவாள். மின்சாரம் இல்லை, ரீவி இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் மேசை. ஆரம்பத்தில் அதையெல்லாம் சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். போன உயிர்ப்பு ஞாயிறுக்கு வெள்ளைத் துணித் தொப்பியோடும் கணுக்கால் வரை சாம்பல் நிறச் சட்டையோடும் வந்து நின்றாள். காரை விற்றாயிற்று, போனைக் கொடுத்தாயிற்று. இலையுதிர்காலத்தில் ஞானஸ்நானம் எடுத்து அந்தச் சபையில் சேரப்போவதாகச் சொன்னாள்.

"அப்ப நாங்கள் உனக்குத் தந்தது என்ன?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் அவளோடு கதைக்கவில்லை.

றோஸ்மேரி கட்லட்டும் றோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிகள் இருவரும் நடாஷாவும் தலையைக் குனிந்தார்கள். சத்தமில்லை, உதடு அசையவில்லை. சாப்பாட்டுக்கு முன் மௌனமாகத்தான் அவர்கள் செபிப்பது. அது கொஞ்சம் நீண்டுவிட்டது.

"என்னடி றோஸ்மேரி, உவைக்குக் கட்லட் பிடிக்காதோ?" என்றாள் அக்கா. "மணந்து பாக்கினமோ?"

"மச்சாள், சும்மா இருங்கோ. செபிக்கினம்" என்றாள் றோஸ்மேரி.

"செபிக்கிறதெண்டால் வாயைத் திறந்து செபிக்கலாம்தானே. கடவுளுக்குக் காது கேக்கும்."

நடாஷாவுக்குச் சிரிப்பு வந்ததைக் கண்டேன். நான் யன்னலைப் பார்த்தேன்.

மெனோ ஒரு கட்லட்டை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார். இரண்டாவதும் எடுத்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். வீட்டில் ஜெர்மன் மாதிரி ஒரு பாஷை பேசுகிறவர். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

"இன்னும் இரண்டு கிழமையில் ஞானஸ்நானம். அதற்கு முன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சேர வருகிறவருக்கு ஒருவரோடும் பகை இருக்கக்கூடாது. எவருக்கும் அவரோடு பகை இருக்கக்கூடாது. நடாஷா சபைக்கு முன்னால் சொல்லிவிட்டாள், தன் தகப்பனோடு சமாதானம் இல்லை என்று. அதனால் வந்தோம். அலெக்ஸாண்டர், உங்களுக்கு அவள்மேல் மனத்தாங்கல் ஏதும் உண்டா?"

வீட்டுக்கு வந்த ஆட்கள். மூன்று மணித்தியாலம் வானில் இருந்து வந்தவர்கள். நான் உடனே சிரித்தேன்.

"சீச்சீ, ஒரு பிரச்சினையும் இல்லை. அவளுடைய விருப்பம். நீங்கள் இன்னொரு றோல்ஸ் எடுங்கள்."

குசினி வாசலில் இருந்து றோஸ்மேரி தமிழில் சொன்னாள்: "பொய் சொல்லாதேங்கோ. வந்த மனுசன் போதகர்."

மெனோ நடாஷாவிடம் திரும்பினார். "அம்மா என்ன சொன்னார்?"

அவள் என்னைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். கழுத்து வரை சிவந்துபோனாள். "அப்பா பொய் சொல்கிறார் என்று சொன்னார்" என்றாள் ஆங்கிலத்தில்.

"ஐயோ! இப்பிடியே மொழிபெயர்க்கிறது?" என்று அக்கா தலையில் கைவைத்தாள். "வேற ஏதாவது சொல்லியிருக்கலாமேடி. தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டு கேட்டவ எண்டு..."

"எனக்கு ஏலாது மாமி. Sorry."

எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. இருபத்தாறு வருடம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்று வேலை செய்த கால்கள் இரண்டும் கதிரைக்குக் கீழே கிடந்தன. அவற்றை மடக்குவதா நீட்டுவதா என்றுகூடத் தெரியாத ஒரு களைப்பு. அந்தக் களைப்பில்தான் உண்மை வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

"இருக்கிறது" என்றேன். "அவளுக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. பிறந்து ஆறாம் கிழமை. இங்கே ஸ்காபரோவில். நீங்கள் அதைச் செல்லாது என்கிறீர்கள்."

"குழந்தைக்குச் சத்தியம் செய்யத் தெரியாது" என்றார் மெனோ. "வளர்ந்து, தானாகச் செய்யவேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை."

"அப்போது அவளுக்காகச் சத்தியம் செய்தது நான். என்னுடையதும் செல்லாதா?"

அவர் என் முகத்தை நேரே பார்த்தார். சமாளிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

"இன்னொன்றும் கேட்கவேண்டும்" என்றேன். "இப்போது விட்டுவந்தால் அவள் வெறும் விருந்தாளி. ஞானஸ்நானம் எடுத்த பிறகு, ஐந்து வருடம் கழித்து, ஏலாது என்று விட்டுவந்தால்?"

"சத்தியத்தை முறித்தவள் ஆவாள். அவளோடு ஒரே மேசையில் நாங்கள் சாப்பிடமாட்டோம்."

"நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளையானாலுமா?"

அதற்குப் பதில் சொன்னவர் லிடியா. "எங்கள் மூத்தவன் சபையை விட்டுப்போய்விட்டான். லொறி ஓட்டுகிறான். நத்தார்ப் பண்டிகைக்கு வருவான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போடுவேன். எங்கள் மேசையோடு ஒட்டி, ஒரு விரலளவு இடைவெளி விட்டு. மேலே ஒரே விரிப்பைப் போட்டுவிடுவேன். பார்க்கிறவருக்கு ஒரு மேசை. எனக்கு இடைவெளி எங்கே என்று தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்."

றோஸ்மேரி எழும்பி வந்து லிடியாவின் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பை ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

மெனோ தொப்பியை எடுத்தார். "இன்று பதில் சொல்லவேண்டாம். இந்த அறையில் உங்கள் உபசரிப்புத்தான் பதில் சொல்லும். வீட்டில் இருந்து யோசித்து, கையால் எழுதி அனுப்புங்கள். சபையில் வாசிப்பேன். மனத்தாங்கல் உண்டு என்று எழுதினால் அவள் அடுத்த வருடம் வரை காத்திருப்பாள். உங்களை ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள்."

புறப்படுமுன் மறுபடி மூவரும் தலை குனிந்தார்கள். இந்த முறை அக்காவும் குனிந்தாள்.

எலிவேற்றர் வாசலில் நடாஷா கடைசியாக நின்றாள். "அப்பா, ஓம் எண்டு எழுதுங்கோ எண்டு கேக்கேல்ல. பொய் எழுதினால் நான் எடுக்கிறதும் பொய்யாப் போயிடும். அவ்வளவுதான்." கதவு மூடிக்கொண்டது.

ஞாயிறு பூசை முடிந்துவந்து எழுதத் தொடங்கினேன். ஊரில், முருங்கனில், எங்களுக்குக் கடிதம் எழுதப் படிப்பித்த வாத்தியார் வலது மூலையில் இடம், அதன் கீழ் திகதி, பிறகு விளிப்பு, பிறகு விடயம் என்று அடிமட்டத்தால் அடித்துப் படிப்பித்தவர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எத்தனையோ பேருக்கு அந்த ஒழுங்கில்தான் எழுதிக்கொடுத்தேன். ஒழுங்கு இருந்தால் கை நடுங்காது. முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் மாற்றுவது என் முறை. மனத்தாங்கல்களை இலக்கமிட்டு எழுதினேன். ஏழு வந்தது. செவ்வாய்க்கிழமை வேலையால் வந்த றோஸ்மேரி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி வாசித்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அன்றைக்கு இரண்டு வேலைநேரம் சேர்த்து, இரட்டைச் சிப்ற்.

"என்னப்பா இது, பெட்டிசன் மாதிரிக் கிடக்கு. மகளை நாடுகடத்தச் சொல்லி எழுதியிருக்கிறியளோ?"

"கேட்டது மனத்தாங்கல் இருக்கோ எண்டு. இருக்கிறதை எழுதியிருக்கிறன்."

"சரி, பாப்பம். ஒண்டு, படிப்பு வீணாப் போச்சு. எங்க வீணாப் போச்சு? அங்கயும் பிள்ளைப்பேறுதானே பாக்கப்போறாள்."

"பட்டத்தை விட்டிட்டு, பேறு பாக்கிறவைக்குத் துணைக்கு நிக்கிறாள்."

"நிக்கட்டும். வெட்டுங்கோ. ரெண்டு, எங்கட சனம் என்ன கதைக்கும். எங்கட சனத்துக்கு அவளின்ர பேரே மறந்துபோச்சு. கலியாணமாமோ எண்டு கேக்கிறதோட சரி. வெட்டுங்கோ." மூன்றையும் நாலையும் அவள் வாசிக்கவே இல்லை, பேனையால் கோடு இழுத்தாள். ஐந்தில் நின்றாள். "'எங்களுடனான தொடர்பை முற்றாகத் துண்டித்துவிட்டாள்.' இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

அவள் அறைக்குள் போய், அலுமாரியில் இருந்து மூன்று கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மே, ஜூன், ஓகஸ்ட். மூன்றும் எனக்கு, தமிழில், எழுத்துப்பிழையோடு. மூன்றையும் வாசித்திருந்தேன். ஒன்றில், தான் பேறு பார்த்த ஒரு குழந்தைக்குத் தாய் 'றோஸ்' என்று பேர் வைத்ததாக எழுதியிருந்தாள். அம்மாவின் பேரைக் கேட்டு வைத்ததாம்.

"எத்தினைக்குப் பதில் போட்டனீங்கள்?"

நான் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"வெக்ஸ்போர்ட் முழுக்க ஒரு காலத்தில ஆக்களுக்குக் கடிதம் எழுதிக் குடுத்த மனுசன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல், சப்பாத்தோடேயே செற்றியில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

ஐந்தை நானே வெட்டினேன். ஆறும் தானாகப் போனது. அது ஐந்தின் வாலாகத்தான் இருந்தது. ஏழு மட்டும் நின்றது: 'குழந்தையில் நாங்கள் கொடுத்த ஞானஸ்நானத்தைச் செல்லாததாக்குகிறாள்.' புதன், வியாழன் இரண்டு நாளும் அதை வெட்டப் பார்த்தேன். முடியவில்லை. மனமில்லாமல் வெட்டினால் பொய். விட்டுவைத்தால் அவள் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். வியாழன் பின்னேரம் அக்கா வந்தாள், கையில் மீன்குழம்போடு.

"என்ன தம்பி, இன்னும் முடியேல்லையோ? அவளைக் கோயில்ல பிடிச்சது நான். ஞானத்தாய். எனக்கு வராத கோபம் உனக்கு என்னத்துக்கு?"

"உங்களுக்குக் கோபம் இல்லையோ அக்கா?"

"இருக்கு. அந்தத் தொப்பியைப் பாக்கப் பாக்க எரியுது. அதுக்கு அவள் என்ன செய்யிறது? எனக்கு உவையின்ர வேதத்தோட கோபம். பிள்ளையோட இல்லை." குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ரெண்டையும் ஏன் ஒண்டாப் போட்டுக் குழைக்கிறாய்?"

அதுதான் எனக்கு நாலு நாளாகப் பிடிபடாதது. மேசையில் இருந்து புதிய தாள் எடுத்தேன். இலக்கம் போடாமல் எழுதினேன்.

*அன்புள்ள போதகர் ஜான்ட்சி அவர்களுக்கு,*

*நீங்கள் கேட்டது, என் மகள்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டா என்று. இருந்தது. இப்போது இல்லை. ஆனால் உங்கள் சபையோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு; அது தீராது. நடாஷா பிறந்தபோது எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேள்வி. எங்கள் பெயரையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஜனவரிக் குளிரில் அவளைக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். பிள்ளையின் பெயர் என்ன என்று மட்டும் குருவானவர் கேட்டார். சொன்னோம். தண்ணீர் ஊற்றி, தாள் தந்தார். இந்த நாட்டில் எங்களை நம்பித் தந்த முதல் தாள் அது. அது செல்லாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்களைச் சொல்லவேண்டாம் என்று கேட்கவும் மாட்டேன்.*

*அவள் எனக்கு மூன்று கடிதம் எழுதினாள். நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. சமாதானம் குலைந்தது என் பக்கத்தில். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதையும் சபையில் வாசியுங்கள். என் பொருட்டு அவளை ஒரு வருடம் நிறுத்தவேண்டாம்.*

ஆங்கிலத்தில் மாற்றி எழுதினேன். கையெழுத்து வைத்தேன். அக்கா, "தள்ளு, நானும் வைக்கவேணும்" என்று பேனையைப் பறித்து, என் பெயருக்குக் கீழே தமிழில் தன் பெயரைப் போட்டாள். கமகமவென்று மீன்குழம்பு மணம். றோஸ்மேரி வேலையால் வந்து, நின்றபடி வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனையை வாங்கி ஓரத்தில் நாலு சொல் எழுதினாள்: குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புறன்.

"இதைச் சபையில வாசிப்பினமே?" என்றேன்.

"வாசிக்கட்டுமே. நடாஷா மொழிபெயர்ப்பாள்."

கவரை நாக்கால் நனைத்து, பெருவிரலால் ஓரம் முழுவதும் அழுத்தி ஒட்டினேன். முத்திரையை நேராக வைத்தேன். நாளை அனுப்பலாம், களைத்துப்போய் இருக்கிறியள் என்றாள் றோஸ்மேரி. களைப்பு நாளைக்கும் இருக்கும் என்று சொல்லி, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். விக்ரோறியா பார்க் வீதிச் சந்தியில் பஸ்சுக்கு நின்ற ஆட்களைத் தாண்டி, சிவப்புத் தபால்பெட்டியின் வாயைத் திறந்து, முகவரியை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கடிதத்தை உள்ளே விட்டேன்.