ஊர்க்காவலன் மிதித்த முதுகு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஊர்க்காவலன் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவருக்குக் கழுத்துப் பிடிப்பு, இன்னொருவருக்குத் தோள் சுளுக்கு. வாரம் ஆறு நாளும் பட்டாசு ஆலையில் சம்மணம் போட்டுக் குனிந்தே வேலை பார்க்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஊர்க்காவலன் தாயின் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விலகும் என்பது ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்தின் நம்பிக்கை. அவருடைய அப்பாவும் அப்படிப் பிறந்தவர்தான். அதனால் வீட்டுக்கே மிதிக்காரர் வீடு என்று பெயர்.

வயது அறுபத்தெட்டு. இன்றும் சுவரில் சாயாமல்தான் உட்காருவார். வலது காலைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்தவர் உடம்பில் வைப்பார். யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. நம்பி வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் இல்லை. குடும்பத்தின் மானமே அதில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

அன்று கூடியிருந்தவர்கள் முன்னால் வந்து நின்றது ஒரு லோடு ஆட்டோ. அதிலிருந்து காளீஸ்வரனை அவன் அண்ணன் நாகையாவும் மனைவி செல்வலட்சுமியும் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். அவன் கால்கள் தரையில் இழுபட்டன.

ஊர்க்காவலன் அந்தக் கால்களையே பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை இவன் நடந்து வந்தவன். லாரியில் வெடிப் பெட்டிகளை அடுக்கும்போது, தூக்கிய பெட்டியோடு இடுப்பைத் திருப்பியிருக்கிறான். வலது காலில் கெண்டைச் சதை வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்ததாம். உடம்பு இடது பக்கம் கோணியிருந்தது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஓடும் தசைகள் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன. ஊர்க்காவலன் குதிகாலை வைத்து முழுப் பாரத்தையும் இறக்கினார். தசை தளர்ந்தது. "லேசா இருக்கு பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அன்று அவன் போனதும் மருமகள் பாண்டிச்செல்வி சமையலறை வாசலில் நின்று சொன்னாள். சாத்தூரில் ஒரு பிசியோதெரபி சென்டரில் வேலை பார்ப்பவள் அவள்.

"மாமா, வலி கால் வரைக்கும் இறங்குதுன்னா அது சுளுக்கு இல்ல. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்குற தட்டு பிதுங்கி நரம்பை அமுக்குது. அந்தத் தசை வெறைச்சு நிக்கிறதே உள்ள இருக்கிறதக் காப்பாத்தத்தான். அத நாம மிதிச்சுத் தளத்தி விடுதோம்."

"ஆத்தா, இந்தக் காலு எம்புட்டு முதுகு பாத்துருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. ரெண்டு காலும் சோர்ந்து போனாலோ, உக்கார்ற இடம் மரத்தாலோ, ஒண்ணுக்கு வராமப் போனாலோ அன்னைக்கே ஆப்பரேஷன் பண்ணணும். தள்ளிப் போட்டா போனது போனதுதான்."

மாமனாரிடம் ஒரு பெண் பேசுகிற பேச்சா இது என்று அவர் அந்த வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை செல்வலட்சுமி ஆள் விட்டுச் சொன்னாள், இடது காலும் மதமதவென்று இருக்கிறது என்று. "ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வரச் சொல்லு" என்று பதில் அனுப்பினார். பாண்டிச்செல்விக்கு அது தெரியாது.

இப்போது காளீஸ்வரனைப் பாயில் குப்புறப் படுக்க வைத்தார்கள்.

"போன தடவை பாதிதான் எடுத்தீக போல" என்றான் நாகையா. "இன்னைக்கு முழுசா எடுத்து விடுங்க பெரியப்பா. தீவாளி சீசன். நாளைக்கு இவன் லோடுக்குப் போகலைன்னா வேற ஆளப் போட்டுருவாக."

கழுத்துப் பிடிப்போடு வந்தவர் சிரித்தார். "பெரியவர் மிதிச்சா ஓடிருவான்யா. பிடிக்க ஆளு நிறுத்துங்க."

பாண்டிச்செல்வி உள்ளிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் மாமனாரை எதிர்த்துப் பேச மாட்டாள். ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்காதவர்போல் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

அவருடைய உள்ளங்காலுக்குக் கண் உண்டு என்பார்கள். இடுப்புக்குக் கீழே, சப்பைக்குள் ஆழத்தில் கிடக்கும் தசை எங்கே முடிச்சிட்டிருக்கிறது என்று தொட்டதும் தெரிந்துவிடும். அந்த இடத்தில் கால் பட்டதும் எப்பேர்ப்பட்ட ஆம்பிளையும் துள்ளுவான். துள்ளுகிற இடத்தில்தான் வேலை.

காளீஸ்வரனின் சப்பையில் பாதத்தை வைத்தார். அவன் துள்ளவில்லை. கொஞ்சம் அழுத்தினார். தசை குழைந்த மாவு மாதிரி உள்வாங்கிக்கொண்டது. பாதத்தை நடுவுக்கு நகர்த்தி இன்னும் அழுத்தினார்.

காளீஸ்வரன் தலையைத் திருப்பாமல் கேட்டான்: "ஏன் பெரியப்பா சும்மா நிக்கிறீக? காலை வைங்க."

செல்வலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அவர் பாதம் அவள் புருஷன் மேல்தான் இருந்தது.

முற்றத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஊர்க்காவலன் காலை எடுக்கவில்லை. எடுத்தால், தன்னால் ஆகாது என்று தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். இதே காலை முதுகுக்கு ஏற்றி நாலு மிதி மிதித்துவிட்டு, மூன்று நாள் ஓய்வு என்று சொல்லி அனுப்பினால் வீட்டுப் பெயர் நிற்கும். பிறகு என்ன ஆனாலும் விதி என்பார்கள். அவர் அதை நினைத்தார். ஒரு மூச்சு நேரம் நன்றாகவே நினைத்தார்.

காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

"ஏலே, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

பெண்கள் நிற்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. காளீஸ்வரன் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டான்.

"சொல்லுலே. வெக்கப்படுற நேரமில்ல."

"நேத்து மத்தியானம். பெறகு வரலை. முட்டுதான்னும் தெரியலை."

"தண்ணி குடிக்காம இருந்தாக, அதான்னு நெனச்சேன்..." செல்வலட்சுமியின் குரல் உடைந்தது.

ஊர்க்காவலன் வாசற்படியைப் பார்த்தார். பாண்டிச்செல்வி ஏற்கனவே காலில் செருப்பை மாட்டியிருந்தாள்.

"இவனைத் தூக்குங்க" என்றார். "விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. இது என்னால ஆகாது."

நாகையா அவர் வழியை மறித்தான். "போன வாரம் மிதிக்கும்போது ஆகும்னீகளே?"

"தூக்குலே மொதல்ல. என்னைய வண்டியில வச்சுக் கேளு."

பலகையில் படுக்க வைத்து ஏற்றினார்கள். சாத்தூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் ஆட்டோ தடதடத்தபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊர்க்காவலன் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். காளீஸ்வரன் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. நாகையா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பியே பார்க்காமல் வந்தான்.

பாண்டிச்செல்வி மாமனார் காதருகே குனிந்தாள்.

"டாக்டர் கேப்பாரு மாமா. லோடு தூக்குனதுல வந்துச்சுன்னு சொல்லுவோம். அது பொய்யில்லையே. மிதிச்ச கதை எதுக்கு? நம்ம வீட்டுப் பேரு..."

அவளும் அந்த வீட்டின் பெயரைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள். அவர் பலகையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் இருந்த எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். ஊசி முனையால் காளீஸ்வரனின் தொடையிலும் சப்பையிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாதத்தைத் தூக்கச் சொன்னார். வலது பாதம் அசையவில்லை. ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டே கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சது? சரியான நேரம் தெரியணும். அதை வச்சுத்தான் எவ்வளவு அவசரம்னு முடிவு பண்ண முடியும்."

"இன்னைக்குக் காலையில இருந்துதான்..." என்று நாகையா தொடங்கினான்.

"இல்ல" என்றார் ஊர்க்காவலன். "பத்து நாளைக்கு முன்ன லோடு தூக்கும்போது பிடிச்சது. அப்ப வலது கால்ல மட்டுந்தான் வலி. போன ஞாயித்துக்கெழம நான் இவன் இடுப்புல ஏறி மிதிச்சேன், முழுப் பாரத்தையும் இறக்கி. புதன்கிழமை இடது காலும் மரத்துருச்சுன்னு சொல்லி விட்டாக. நாந்தான் ஞாயித்துக்கெழம பாப்போம்னு நிறுத்தி வச்சேன். நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணுக்கு வரலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். பாண்டிச்செல்வி தலை குனிந்தாள். புதன்கிழமை சேதி வந்ததை அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

நாகையா அவர் சட்டையைப் பிடித்தான். "என் தம்பிய முடக்கிட்டியேய்யா!"

ஊரில் யாரும் அவரை 'நீ' என்றதில்லை. அவர் அந்தக் கையை விலக்கவில்லை. பட்டன் ஒன்று தெறித்து விழுந்தது.

"விடுங்க" என்றார் டாக்டர். "நேத்து மத்தியானம்னா இன்னும் ஒரு நாள்கூட ஆகலை. காலையிலதான்னு சொல்லியிருந்தா இன்னும் நேரமிருக்குன்னு ஸ்கேனுக்கு வரிசையில போட்டிருப்பேன். இவரை இப்பவே உள்ள கொண்டு போறோம்."

சாயங்காலத்துக்குள் ஆப்பரேஷன் முடிந்தது. பிதுங்கிய தட்டை எடுத்துவிட்டார்கள். நரம்பு எவ்வளவு மீளும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

ஊர்க்காவலன் வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்கு வெளியே, பட்டன் இல்லாத சட்டையோடு மூன்று நாள் இருந்தார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். சிலர் பேசாமல் போனார்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம் டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தைகளை மாற்றாமல் சொன்னார். நாகையா எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் காலை சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். தானாக வந்தால் பாதி பிழைத்தான், வராவிட்டால் ஆயுசுக்கும் குழாய் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மணி பத்தானது, பதினொன்றானது. நாகையா எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தான். ஊர்க்காவலன் அசையவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு செல்வலட்சுமி ஓடி வந்தாள். கையில் அளவு போட்ட பிளாஸ்டிக் பாத்திரம். அத்தனை பேர் நடுவில் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"போயிட்டாக மாமா! தானாவே போயிட்டாக!"

நாகையா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கையை எடுத்துவிட்டு, எதிரே பார்த்துச் சொன்னான்:

"வலது பாதம் இன்னும் தூக்கலை பெரியப்பா."

"தெரியும்" என்றார் ஊர்க்காவலன். "அது தூக்குற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."