இரவல் மூக்கு

காய்ச்சல் வந்தது கணவருக்கு. பத்தியம் வந்து சேர்ந்தது மனைவிக்கு.

அவர் ஒயின் ஆலையில் கலவை நிபுணர். இரண்டு மூன்று வகைத் திராட்சையில் எடுத்த சிவப்பு ஒயின்களை அளந்து சேர்த்துப் புதுச் சுவை ஒன்றை உண்டாக்குவது வேலை. பாட்டிலின் பின்னால் ஒட்டும் சீட்டில், வீட்டுச் சமையலில் எதனோடு அது சேரும் என்று இரண்டு வரி எழுதுவதும் அவர்தான். இருபது வருஷம் மூக்கை வைத்தே பிழைத்த மனிதர். போன வருஷம் ஒரு வாரம் படுத்து எழுந்தபோது நாக்கில் உப்பும் புளிப்பும் கசப்பும் தெரிந்தன. வாசனை மட்டும் துளிகூட இல்லை. சோப்பும் ஒன்றுதான், சுட்ட இறைச்சியும் ஒன்றுதான்.

"வெளிய மூச்சு விட்டுடாதே. மூக்கு திரும்புற வரைக்கும் நீதான் பார்த்துச் சொல்லணும்" என்றார் மனைவியிடம்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக் கொண்டிருந்தவள். ஒயினை விருந்துகளில் ஒரு வாய் குடித்ததோடு சரி. முதல் நாள் கிளாஸை முகர்ந்துவிட்டு, "ஈரக் கம்பளிய இஸ்திரி போட்டா ஒரு வாசம் வருமே, அது. அடியில ஏதோ பழுத்த பிளம்ஸ்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். முதலாளியம்மா படித்துவிட்டு, "இப்பதான்யா உன் எழுத்துல உயிரே வந்திருக்கு" என்றாளாம்.

அன்று பிடித்தது சனி. தினமும் சாயங்காலம் எண் ஒட்டிய ஆறு குட்டி பாட்டில்கள் மேஜைக்கு வந்தன. ஒரு நாள் காளான், ஒரு நாள் தக்காளியில் வேகவிட்ட ஆட்டிறைச்சி என்று அவள் சமைக்க வேண்டும்; ஒரு வாய் சாப்பாடு, ஒரு வாய் ஒயின். எதிரே அவர் நோட்டும் கையுமாக. "விழுங்காதே. வாயிலேயே வச்சிரு. இப்ப என்ன தெரியுது?"

மூக்கு கெடக்கூடாது என்று மத்தியானத்துக்குமேல் காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, பவுடர் கூடாது. மெஷின் எண்ணெய் வாசனை கூடாதென்று மெஷின் பின்கட்டுக்குப் போனது. அங்கே வெளிச்சம் இல்லாததால் தைக்க வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எதிர்வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றால் தெருவின் மறுபக்கம் நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அவரே வந்து மூடி, அவள் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டுப் போவார்.

அப்படி இருக்கும்போதுதான் தங்கை போன் செய்தாள். பித்தப்பையில் ஆபரேஷன். "அக்கா, ஒரு பத்து நாள் வந்து இருந்துட்டுப் போயேன். பிள்ளைங்கள வச்சிக்கிட்டு அவரு திண்டாடுறாரு."

கணவரிடம் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கா? அங்க எத்தனை பேர் இருமிக்கிட்டு இருப்பான்! இந்தக் கலவை முடியட்டும்மா."

"போன கலவைக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

சத்தம் போட்டிருந்தாலாவது பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். அவர் கெஞ்சினார். அதற்கு என்ன செய்வது?

அன்று சாயங்காலம் சுட்ட கத்தரிக்காயும் கொத்துக்கறியும். நான்காம் எண் பாட்டிலை ஊற்றிக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். மிளகு, காய்ந்த இலை, புதுத் தோல் செருப்பு. அந்த வருஷத்திலேயே இதுபோல் ஒன்று வரவில்லை.

"ஒண்ணும் தெரியலைங்க" என்றாள்.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லா மோந்து பாரு."

"காலையிலேர்ந்தே ஒரு மாதிரி இருந்துது. இப்ப சுத்தமா இல்ல."

கோபம் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பேனாவை மூடினார். மேஜையைச் சுற்றி வந்து அவள் நெற்றியில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "பயப்படாதே. முதல் நாள் அப்படித்தான் இருக்கும், உலகமே கதவைச் சாத்திட்ட மாதிரி. நானும் குளியலறையில உட்கார்ந்து அழுதிருக்கேன்."

ஒரு வருஷத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. பொய் என்று சொல்லிவிட அவளுக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால் நாளைக்கு மறுபடி ஆறு பாட்டில். கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

மறுநாளே அவர் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் திட்டவில்லை, பாட்டில் அடைக்கும் பிரிவுக்கு மாற்றினாள். "உன் வீட்டம்மாவுக்கு மூக்கு திரும்பட்டும், ரெண்டு பேரையும் சேர்த்தே வேலைக்கு வச்சிக்கிறேன்" என்றும் சொல்லி அனுப்பினாள்.

தையல்காரி தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள். வாணலியில் வெங்காயம் வதங்க, கண்ணை மூடி மூச்சை இழுத்து நின்றவளைத் தங்கை படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"ஏன்க்கா, உனக்கு மூக்கு போயிடுச்சுன்னு அத்தான் போன்ல அழுதாரே?"

"நீ பேசாம தூங்கு."

திரும்பி வந்தபோது மேஜையில் பாட்டில்கள் இல்லை. மூடி போட்ட நாலு சின்னச் சீசாக்கள் இருந்தன. எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, தைலம். தினமும் முகர்ந்து பழகினால் மூக்கு மீளும் என்று டாக்டர் சொன்னாராம். சமையலும் இனி அவர் பொறுப்பு. "நீ உட்காரு. எனக்கு வராட்டியும் உனக்கு வரவச்சிடுவேன்."

சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கிராம்பு மூக்கில் சுருக்கென்று ஏறியது. "தெரியலைங்க."

"பரவாயில்ல. அடுத்தது."

மூன்றாம் சீசாவின்போது அடுப்படியிலிருந்து இறைச்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவர் ரோஜாச் சீசாவின் மூடியை நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

"இன்னும் ரெண்டுதானே? முடிச்சிட்டுப் போ."

உட்கார்ந்தாள். தீய்ந்த நெடி தடித்துக்கொண்டே வந்தது. மூச்சைச் சின்னதாக விட்டுக்கொண்டு, கதவையே பார்த்திருந்தாள். புகை நூலாக எட்டிப் பார்த்த பிறகுதான், "ஐயையோ, அங்க பாருங்க!" என்று கத்த முடிந்தது.

கருகாத மேல்பாகத்தை அவர் அவள் தட்டில் வைத்தார். "விடு, தீஞ்ச வாசம் நமக்கு எங்க தெரியப் போகுது?" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். தீய்ந்த நெடி மூக்கில் ஏற ஏற மென்று, முகம் சுளிக்காமல், தட்டைக் காலி செய்தாள். அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.