கைப்பிடி பார்த்து வாங்கிய பிரஷ்கள்

பிரஷ் வாங்கப் போகிறவர்கள் முடியைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுப்பது, விரல்களை மடக்கிப் பிடிப்பது, விடுவது, அடுத்ததை எடுப்பது. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"எதைக் கழுவணும்னு சொல்லுங்கம்மா, நானே எடுத்துத் தரேன்."

"சைக்கிள்."

"அதுக்கா இவ்வளவு யோசனை? டயருக்கு முரட்டு முடி. பெயின்ட் மேல படுற இடத்துக்கு மெத்து முடி. செயினுக்கு வீட்டுல கிடக்கிற பழைய டூத் பிரஷ் போதும். கைப்பிடியில என்னம்மா இருக்கு?"

சைக்கிளுக்கு அவர் சொன்னது சரி. நான் பார்த்தது என் வீட்டுக்காரரின் வலது கைக்கு.

அவருக்குப் பக்கவாதம் வந்ததில் முடங்கிய கால் பழையபடி திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. பேச்சு கொஞ்சம் தாமதமாகவே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிய நாட்களும் உண்டு. வலது கை மட்டும் விருந்தாளி மாதிரி மடியில் சும்மா உட்கார்ந்திருந்தது. அவர் துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியை அந்தப் பெரிய கத்தரிக்கோலால் பிசிறில்லாமல் வெட்டுகிறவர். முதலாளி நல்ல மனுஷன். "இந்த மாசம் முடியிற வரைக்கும் மாஸ்டர் மேசையில யாரையும் நிறுத்த மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். மாசம் முடிவதற்குள் அந்தக் கை கத்தரிக்கோலைப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே கிடையாது.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். இவர் அதை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார்.

"நான் என்ன தொட்டில் குழந்தையா, பந்து விளையாட?"

பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் நடையில் தூசி படிந்து நின்ற சைக்கிளைக் கடக்கும்போதெல்லாம் இடது கையால் சீட்டைத் துடைத்துவிட்டுப் போவார். அதை நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். கை வேண்டாம் என்றாலும் சைக்கிளை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. உடனே கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

துணி துவைக்கிற பிரஷ் ஒன்று வாங்கினேன். கட்டை முதுகு, உள்ளங்கை முழுக்கப் பிடிக்கலாம், அது டயருக்கு. அடுத்தது, குழாய் மாதிரி தடித்த கைப்பிடி உள்ள ஒன்று, ரிம்முக்கும் மட்கார்டுக்கும். மூன்றாவது பெயின்ட் அடிக்கிற பிரஷ். கம்பிகளுக்கு நடுவில் நுழையும், கைப்பிடி தட்டையாக இருக்கும். கடைசியில் டூத் பிரஷ். அதைப் பிடிக்கிற கை கத்தரிக்கோலையும் பிடிக்கும் என்பது என் கணக்கு. ஒரு வாளி, சோப்புத் தண்ணீர், அவருடைய கிழிந்த பனியன், கொஞ்சம் மண்ணெண்ணெய். கடை பரப்பியாயிற்று.

முதல் நாளே சண்டை.

"செயினை முதல்ல முடிக்கணும். டயரை அப்புறம் கழுவணும். இல்லன்னா செயின் அழுக்கு எல்லாம் கழுவின டயர் மேல தெறிக்கும். உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். டயரைத் தேய்ங்க."

தேய்த்தார். கட்டைப் பிரஷ் கையை விட்டு வழுக்கியது, நான் எடுத்து வைத்தேன், மறுபடி தேய்த்தார். சில நாட்களில் வழுக்குவது குறைந்தது. தடித்த கைப்பிடிக்கு மாற்றினேன், அதுவும் நின்றது. பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா பண்றீங்க, கை நல்லா இறுக்குதே" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு சிக்கல். கழுவின சைக்கிளை மறுநாளும் எப்படிக் கழுவுவது? அவர் வெளியே ஓட்டிப் போகிற நிலையில் இல்லை, எனக்கோ ஓட்டத் தெரியாது. காய்கறி வாங்கி வருகிறேன் என்று பையை மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் பஸ் கழுவுகிற தண்ணீர் தேங்கி எப்போதும் சகதியாகக் கிடக்கும். சைக்கிளை அதற்குள் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பெடலைக் கையால் சுற்றி, செயினுக்கும் ஒரு கை சேற்றை அப்பிவிட்டுத் திரும்புவேன். டிப்போ ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். கட்டட்டும்.

பெயின்ட் பிரஷ் இரண்டே நாள்தான். டூத் பிரஷ்ஷுக்கு வந்ததும் அவர் என்னை உள்ளே போகச் சொன்னார்.

"பக்கத்துல நின்னு முறைச்சுப் பார்த்தா எனக்குக் கை வரல. நீ உன் வேலையைப் பாரு."

போனேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் செயின் புதுசாக மின்னியது. அடுத்த நாளும் அப்படியே. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கையோடு முதலாளிக்குப் போன் போட்டு, "டூத் பிரஷ்ஷே பிடிக்கிறாருங்க, ஒண்ணாம் தேதி வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்ட உட்கார்ந்தேன். முதலில் இடது கை. நகத்துக்கு உள்ளே கன்னங்கரேலென்று செயின் அழுக்கு. ஊறவைத்துக் குத்தி எடுத்தாலும் போகவில்லை. பிறகு வலது கையை எடுத்து மடியில் வைத்தேன். ஐந்து விரலும் பளிச்சென்று இருந்தன. ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

நகவெட்டியைக் கீழே வைத்தேன். அவரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கையால தேய்ச்சீங்களா?"

இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அத்தனை நாளுமா? ஏங்க, நான் முட்டாளா? முதலாளி வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே! இப்படியா என்னை ஏமாத்துவீங்க?"

"நீ மட்டும் என்னவாம்? மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு! காய் வாங்கப் போற சைக்கிள்ல தினம் சேறு எங்கேருந்துடி வருது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. சைக்கிளுக்கு அடியில் விரித்திருந்த சாக்கைக் காட்டினார்.

"அது எதுக்குன்னு நினைச்ச?"

"எண்ணெய் தரையில படக்கூடாதுன்னுதானே?"

"வலது கையில டூத் பிரஷ் நிக்கல. விழுந்துகிட்டே இருந்துச்சு. விழுற சத்தம் உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு விரிச்சேன். அப்புறம் வலது கையில எடுக்கிறதையே விட்டுட்டேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது?"

கோபம் வந்த வழியே போய்விட்டது. அழுகைதான் வந்தது. அவர் மறைத்தது பாதி; நான் அவசரப்பட்டது பாதி. பெயின்ட் பிரஷ் கையில் நன்றாகப் படிவதற்கு முன்பே டூத் பிரஷ்ஷைத் திணித்தது நான்தான். மாசம் முடிகிறதே என்ற பயத்தில், அந்த விரல்களைக் கேட்காமல் காலண்டரைப் பார்த்து பிரஷ்ஷை மாற்றியிருக்கிறேன்.

அவர் போனை எடுத்துத் தரச் சொன்னார். இடது கையில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"முதலாளி, என் வீட்டுல சொன்னது நடக்கல. கை இன்னும் வரல. மேசைக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க... இல்லைங்க, எனக்காக நிறுத்தி வைக்காதீங்க. ஆர்டர் கிடக்குமே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் அவர் நின்ற வருஷங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையைவிட அதிகம்.

நான் எழுந்து போய் சாக்கைச் சுருட்டினேன். வெறும் சிமெண்ட் தரை தெரிந்தது. டூத் பிரஷ்ஷின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, சுற்று மேல் சுற்றாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினேன். கத்தரிக்காய் பருமனுக்கு வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"இனி முதல் தேதி கிடையாது, ஒண்ணும் கிடையாது. விழுந்தா விழட்டும். எனக்குக் கேட்கணும்."

அவர் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் அடுப்பங்கரைக்குப் போனேன். பாத்திரம் தேய்க்கிற சாக்கில் காது முழுக்க வெளியேதான் இருந்தது. டக் என்று விழுந்தது. முக்காலி கிறீச்சிட்டது, குனிந்து எடுக்கிறார். மறுபடி டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு வலித்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. இடது கை ஒரு தடவையும் அதைக் கீழே போட்டதில்லை.

திடீரென்று சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். ஒன்றும் விழவில்லை. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"ஏங்க," என்று கத்தினேன், "எந்தக் கையால தேய்க்கிறீங்க?"

டக்.

"இந்தக் கையாலதான்டி," என்றார். "இப்பத்தான் செயின்ல நாலு கண்ணி சேர்ந்தாப்ல தேய்ச்சேன், அதுக்குள்ள கத்திட்டியே."