இடது முன்னங்கால்

தாமரை ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது அப்பாவின் கண் திறந்தது.

இரண்டு நாளாகத் திறக்காத கண். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாலாக் செலாத்தான் அடுக்குமாடியில், லிப்ட் ஓடிய நேரம் பார்த்து அவரைப் பன்னிரண்டாவது மாடிக்கு ஏற்றினாள். அவளுக்குக் கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் பரிசோதனைக்கூட வேலை. சம்பளமில்லா விடுப்பு எடுத்து நான்கு நாளாகக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா செத்து ஒன்பது வருடம். கூடப்பிறந்தவர்கள் இல்லை. இந்த நான்கு நாளும் அவரிடமிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. தன்னைப் பார்த்துச் சொன்னால் போதும். திட்டினாலும் பரவாயில்லை.

கைப்பேசியில் இல்யாஸ். அப்பாவோடு குதிரை லாயத்தில் சைஸாக, குதிரைக்காரராக, வேலை பார்ப்பவர். சாணி அள்ளுவது, தீனி வைப்பது, தேய்த்துக் கழுவுவது, பணக்காரப் பிள்ளைகள் ஏறும்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அப்பாவுக்கு அதில் முப்பத்தொரு வருடம். இல்யாஸ் வந்து இரண்டு வருடம்தான். அதற்கு முன் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் பேசுவாராம்மா? கிரேஸ் நொண்டுது. மூணு நாளாச்சு. லாடத்தக் கழட்டிப் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. இன்னைக்குள்ள தெரியலன்னா ஊசி போட்டு முடிச்சிரலாம்னு ஓனர் சொல்லிட்டான். அதுக்கும் வயசாயிருச்சாம்."

"அவரு சாகக் கெடக்குறாரு அங்கிள்."

தப்புத்தான் என்று முனகி இல்யாஸ் வைக்கப் போனார். அதற்குள் அப்பாவின் விரல்கள் போர்வையின்மேல் அசைந்தன. கொடு என்று அர்த்தம்.

கிரேஸ். தாமரையின் பட்டமளிப்பு விழா அன்று இதே கிரேஸுக்கு வயிற்றுவலி. குதிரை படுத்தால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அப்பா அதை நடத்திக்கொண்டே இருந்தார். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. மண்டபத்துக்கு வெளியே படம் எடுத்தவன், வீட்டாள் யாரும் வரலையா என்று கேட்டுவிட்டு, இன்னும் கிட்டே வந்து அவளை மட்டும் எடுத்தான்.

கைப்பேசியை அணைத்துவிடலாம். இவரிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம் மூச்சு. அதையும் குதிரைக்கா கொடுக்க வேண்டும்? அவருடைய கண் கைப்பேசியை விட்டு நகரவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணையில் வைத்தாள்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் குனிந்து தன் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் தோளில் தூங்கியதற்குப் பிறகு இவ்வளவு கிட்டே போனதில்லை.

"சிமெண்டு," என்றார்.

அவள் சொன்னதும் இல்யாஸுக்குப் புரிந்துவிட்டது. மணலில் ஓட்டினால் அடி கேட்காது. சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோய் ஓட்டினார். குளம்புச் சத்தம் அறைக்குள் வந்தது. ஓர் அடி மட்டும் மற்றதைவிட மெலிதாக விழுந்தது. தாமரைக்கும் கேட்டது.

"தல?"

"தலை எப்ப எறங்குதுன்னு கேக்குறாரு அங்கிள்."

"வலது முன்னங்கால வைக்கிறப்ப. அதான் அந்தக் கால்தான்னு லாடம் அடிக்கிறவன்ட்ட சொன்னேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எரிச்சல் வந்தால் அப்படித்தான் மூடுவார். "மத்தது," என்றார்.

குதிரைப் பேச்சைக் கேட்டே வளர்ந்த தாமரைக்கு உடனே விளங்கியது. விளங்கியதே ஆத்திரமாக இருந்தது. வலிக்கிற காலில் பாரம் விழாமலிருக்கக் குதிரை தலையைத் தூக்கிக்கொள்ளும். நல்ல காலை ஊன்றும்போதுதான் தலை இறங்கும். மூன்று நாளாக எல்லோரும் நல்ல காலைத்தான் நோண்டியிருக்கிறார்கள்.

"எடது கால் அங்கிள். நீங்க பாத்தது நல்ல கால்."

அடுத்த வார்த்தைக்கு நெடுநேரம் ஆனது. ஆணி. அதற்குப் பிறகு, தட்டு. பத்து நாளைக்கு முன்தான் புது லாடம் அடித்தார்கள் என்றார் இல்யாஸ். இடது குளம்பைத் தூக்கிப் பிடித்து, சுத்தியலால் ஒவ்வோர் ஆணியாகத் தட்டினார். தட்டிக்கொண்டே எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு என்றபோது சங்கிலி இழுபட்டது, கால் தரையில் அறைந்தது, இல்யாஸ் மலாயில் ஏதோ கத்தினார்.

"அதான்," என்றார் அப்பா.

காதைக் கொண்டுபோகாமலே கேட்டது. அவ்வளவு தெளிவு.

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி குனிந்தாள். "எங்கிட்ட ஒண்ணும் இல்லையாப்பா?"

மூச்சு மட்டும் காதில் பட்டது. அப்படியே குனிந்திருந்தாள். முதுகு வலித்தது. பன்னிரண்டே காலுக்கு ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக இருந்து பார்த்தாள்.

பக்கத்து வீட்டு அமுதவள்ளி ஆன்டி வந்து தாடையைக் கட்டினார், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார், விளக்கேற்றினார். பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"குதிரைக் கால்ல எந்த ஆணி குத்துதுன்னு சொன்னாரு."

ஆன்டி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். வராந்தாவுக்குப் போய்ப் பூச்சோங் சொந்தக்காரர்களுக்கு அழைத்தார். மகள் கையைப் பிடித்து, நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டுத்தான் தம்புசாமி கண்ணை மூடினார் என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. இரண்டு மணிக்கு அந்தச் சொந்தங்களே வந்து, அதைத் தாமரையிடமே சொல்லி அழுதார்கள். இல்லை என்று அவள் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மூன்று மணிக்கு இல்யாஸ் வந்தார். வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்து, ரப்பர் பூட்ஸோடு அங்கேயே நின்றுவிட்டார். கறை படிந்த வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"ஆணியப் புடுங்குனதும் கறுப்பா சீழ் வந்துச்சும்மா. இப்ப கால ஊணி நிக்கிது. ஓனரும் பாத்துட்டான், ஊசியெல்லாம் வேணாம்னுட்டான். அண்ணன்ட்ட நேர்ல சொல்லலாம்னு..." கூடத்தை எட்டிப் பார்த்தார். "எப்பம்மா?"

"அந்த மூணாவது ஆணிக்கு அப்புறம் அவரு ஒண்ணும் பேசல."

இல்யாஸ் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"கையக் கழுவிக்குங்க அங்கிள்," என்று குளியலறையைக் காட்டினாள்.

கூடத்தில் யாரோ புதிதாக வந்தவருக்கு, கையைப் பிடித்த கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாமரை கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே குழாய் திறந்திருந்தது. ஒரு கையைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அவள் கூப்பிடவில்லை. தண்ணீர் நிற்கும்வரை துண்டோடு கதவருகே நின்றாள்.