வடக்குப் பாதைக்கு மாறிய விமானம்

ஹவுன்ஸ்லோவில் கஸ்பர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கூரைக்கு மேலால்தான் ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் போகும். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் அவனுக்கு வேலை. சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். தனியாக இருந்த வருடங்களில் சத்தத்தை அவன் பெரிதாக எடுத்ததில்லை. ரெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு விமானம் வந்தால் நிறுத்துவான். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவான். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அதே பழக்கம்.

தொண்ணூற்றொன்றில் எமில்டா வந்தாள். மன்னாரில் இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கலியாணம். ஹவுன்ஸ்லோவில் மாதா கோயிலில் தாலி கட்டினார்கள். அடுத்த நாள் காலை அவள் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஜம்போ விமானம் தாழ வந்தது. கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்டுக் கஸ்பர் ஓடிவந்தான். அவள் மேசைக்குக் கீழே குந்தியிருந்தாள். இரண்டு காதையும் பொத்தி, வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள். குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று ஊரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இது பொம்மர் இல்லை எமில்டா. சனம் வாற பிளேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், மேசைக்குக் கீழிருந்தபடியே. "காலுக்குத்தான் தெரியேல்லை."

அன்றைக்கு இன்னும் பல தடவை அப்படி நடந்தது. இரவு கஸ்பர் சொன்னான், டூட்டிங்கில் தன் மச்சான் ஒருவன் இருக்கிறான், அந்தப் பக்கம் வீடு பார்ப்போம் என்று. எமில்டா ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்கடை வேலைக்குத் தூரமெல்லே. கொஞ்சம் பொறுங்கோ. நான் ஒருக்கா அதை வடிவாப் பாக்கோணும். ஊரிலை ஒருநாளும் நிமிந்து பாத்ததில்லை. சத்தம் கேட்டா பங்கருக்குள்ளை ஓடுறதுதானே."

அந்தச் சனிக்கிழமை கஸ்பர் அவளை மேர்ட்டில் அவெனியூவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீடுகள் முடிந்து தெருவும் முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி. அதற்கப்பால் பெரிய றோட்டு, அதற்கும் அப்பால் தெற்கு ஓடுபாதை. புல்லில் நாலைந்து பேர் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் தூரக்கண்ணாடி, காலடியில் தேநீர்ப் போத்தல். ஓர் ஆணும் பெண்ணும் ஒரு சின்ன றேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவை ஏன் இதிலை இருக்கினம்?"

"பிளேன் பாக்க."

எமில்டா அவனைப் பார்த்தாள். பகிடி விடுகிறானோ என்று நினைத்தாள். விமானம் வரும் என்று தெரிந்தும் ஓடாமல், கதிரை கொண்டுவந்து போட்டு அதற்காகக் காத்திருக்கிற ஆட்களை அவள் அதுவரை கண்டதில்லை.

றேடியோ வைத்திருந்தவர் றொன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இருந்தவள் மோறீன், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறுகிறவள். கஸ்பர் அவர்களுக்கு முன்பே முகப்பழக்கம். முதல் விமானம் வந்தபோது எமில்டா கஸ்பரின் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். ஆனால் ஓடவில்லை. மோறீன் அதைக் கவனித்தாள். காரணம் கேட்கவில்லை. எழுந்து தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தாள்.

"அடுத்து என்ன வருகிறது என்று றொன் சொல்வார், கேள்" என்றாள்.

றொன் றேடியோவில் விமானியின் குரலைக் கேட்டுவிட்டு, "இத்தாலிக்காரன்" என்றார். கொஞ்ச நேரத்தில் பச்சை வாலோடு இத்தாலிக்காரன் வந்தான். "அடுத்தது சுவிஸ்" என்றார். சிவப்பு வால் வந்தது. எமில்டாவின் பிடி மெல்லத் தளர்ந்ததைக் கஸ்பர் உணர்ந்தான். ஊரில் இன்னது வருகிறது என்று யாரும் முன்னுக்குச் சொன்னதில்லை.

டூட்டிங் வீட்டுக் கதை அத்தோடு நின்றது.

பிறகு சனிக்கிழமைகள் எல்லாம் அந்தப் புல்வெளியில்தான் போயின. இப்போது நினைத்தால் அந்த நாட்களில் குளிர் இருந்ததாகவே கஸ்பருக்கு ஞாபகம் இல்லை. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு வரும் பழைய ரஷ்ய விமானங்கள், வாலுக்குள் மூன்றாவது எஞ்சினை வைத்திருக்கும் ரைஸ்ரார்கள், மாலையில் ஊரையே அதிரவைத்துக்கொண்டு போகும் கொன்கோட். கொன்கோட் போனால் தெருவில் நிற்கும் கார்கள் தாமாகக் கத்தத் தொடங்கும். அந்தக் கூட்டத்தில் எமில்டாதான் எல்லோரையும் விடக் கூடச் சிரிப்பாள். அவள் பற்றிஸும் றோல்ஸும் செய்துகொண்டு போவாள். உறைப்பில் றொன்னுக்குக் கண்ணீர் வரும். துடைத்துவிட்டு இன்னொன்று எடுப்பார்.

றொன் சேர்ந்திருந்த விமானம் பார்ப்போர் சங்கம் மாதம் ஒருமுறை சில பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்து ஒரு செய்தித்தாள் வெளியிட்டது. எந்தக் கம்பனி எதை வாங்கியது, ஹீத்ரோவுக்கு எந்தப் புதிய ஊரிலிருந்து சேவை தொடங்குகிறது, எந்த விமானம் கடைசித் தடவையாக வருகிறது என்று அதில் இருக்கும். மோறீன் அதை விரலால் தொட்டுத் தொட்டு எமில்டாவுக்கு வாசித்துக் காட்டுவாள். எமில்டா இங்கிலிஷ் வாசிக்கப் பழகியது அதில்தான். வேலை இல்லாத விமானங்களைப் பாலைவனத்தில் நிறுத்தி வைக்கிறார்கள் என்ற செய்திதான் அவள் தானாக வாசித்து விளங்கிக்கொண்ட முதல் வசனம். வீட்டுக்கு வந்ததும் கஸ்பரிடம் அதைச் சொன்னாள். "மழை இல்லாத இடமாம். துருப்பிடிக்காதாம். பாவம், தனிய நிக்குங்கள்."

தொண்ணூற்று மூன்றில் அவளுடைய தம்பி யாக்கோப்புக்குக் கனடா விசா கிடைத்தது. மடுவில் அகதி முகாமில் இருந்தபோது கலியாணம் கட்டியவன். மனைவி முன்னமே ரொறன்ரோவுக்குப் போய் அவனைக் கூப்பிட்டிருந்தாள். கொழும்பிலிருந்து லண்டனுக்கு வந்து, விமானம் மாறிப் போக வேண்டும். எமில்டா சந்தோஷத்தில் குசினிக்கும் அறைக்குமாக நடந்தாள். பிறகுதான் கஸ்பர் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

"அவனுக்கு இந்த நாட்டு விசா இல்லை. வெளியிலை விடமாட்டாங்கள். எங்களையும் உள்ளுக்கை விடமாட்டாங்கள்."

"கண்ணாடிக்காலையும் பாக்க ஏலாதோ?"

"ஏலாது."

அவளுடைய அகதி வழக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முடியாமல் கிடந்தது. அது முடியும்வரை அவளாலும் எங்கும் போக முடியாது. சனிக்கிழமை அவள் இதைத் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் மோறீனுக்குச் சொன்னாள். றொன் றேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் எங்கள் தலைக்கு மேலால்தானே வருவான்?" என்றார்.

கொழும்பில் யாக்கோப்பு தங்கியிருந்த லொட்ஜுக்கு எமில்டா ரெலிபோன் எடுத்தாள். "தம்பி, ஜன்னல் கரைச் சீற் கேள். இறங்கேக்கை கீழை பார். புல்வெளியிலை சிவப்புச் சீலையோடை நிண்டா அது நான்."

யாக்கோப்பு வரும் நாள் கஸ்பர் லீவு எடுத்தான். தொலைக்காட்சியில் விமான வரவுகள் எழுத்தில் ஓடும் பக்கத்தைக் காலையிலிருந்தே திறந்து வைத்திருந்தார்கள். கொழும்பு விமானம் தாமதம் என்றிருந்தது. பிறகு இன்னும் தாமதம் என்று மாறியது. புல்வெளிக்குப் போனபோது றொன்னின் முகம் சரியில்லை.

"மூன்று மணிக்குப் பாதையை மாற்றுவார்கள்" என்றார். ஓர் ஓடுபாதைக்கு இறங்கும் வழிக்குக் கீழே இருக்கும் சனத்துக்கு அரை நாளாவது அமைதி கிடைக்கட்டும் என்று, மத்தியானத்துக்குப் பிறகு இறங்கும் விமானங்களை மற்றப் பாதைக்கு விடுவது ஹீத்ரோவில் வழக்கம். "உன் தம்பி வடக்குப் பாதையில்தான் இறங்குவான். இங்கே நின்று பிரயோசனம் இல்லை."

எமில்டா சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மோறீன் கார்த் திறப்பைத் தேடி எடுத்தாள்.

மோறீனின் சின்னக் காரில் நான்கு பேரும் ஏறினார்கள். பெரிய றோட்டில் வாகனங்கள் நகராமல் நின்றன. றொன் முன்சீற்றில் றேடியோவைக் காதில் அழுத்திக்கொண்டு, "இன்னும் கூப்பிடவில்லை, இன்னும் கூப்பிடவில்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எமில்டா வாய்க்குள் மாதாவிடம் மன்றாடினாள். பாத் றோட்டுப் பக்கம் காரை ஓர் ஓரத்தில் விட்டு, வேலியோரப் புல்லுக்கு ஓடினார்கள்.

"நேர் கீழே நிற்காதே. அவனுக்குத் தெரியாது" என்றார் றொன். "எந்தப் பக்க ஜன்னலோ யாருக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள்."

இருந்தது ஒரு சேலைதான். மோறீன் கார் டிக்கியைத் திறந்து, தன் நாய் படுக்கிற மஞ்சள் விரிப்பை எடுத்துக் கஸ்பரிடம் நீட்டினாள். அதில் நாய்மயிர் அப்பியிருந்தது. கஸ்பர் அதை வாங்கிக்கொண்டு, தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய் நின்றான். காரில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

றொன் கையை உயர்த்தினார். கிழக்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. பெரிதானது. மூன்று எஞ்சின், வாலில் சிவப்புப் பறவை. எமில்டாவும் மோறீனும் சேலையின் இரண்டு தலைப்பையும் பிடித்து விரித்தார்கள். காற்று அதைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. விமானம் மேலே வந்தபோது எமில்டா, "தம்பி, தம்பி" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற மோறீனுக்கே அது கேட்கவில்லை. ஜன்னல்கள் ஒரு வரியாகப் போயின. ஒரு முகமும் தெரியவில்லை.

மற்றப் பக்கம் கஸ்பர் என்ன நினைத்தானோ, விரிப்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி விமானத்தோடு சேர்ந்து ஓடினான். தண்ணீர் ஓடும் ஒரு கானுக்குள் கால் வைத்து விழுந்தான். எழுந்து பார்த்தபோது விமானம் வேலிக்கு அப்பால் போயிருந்தது.

அன்று மாலை றொன் இவர்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். ரொறன்ரோ விமானம் கிளம்பிவிட்டது என்பதை மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை யாக்கோப்பு கூப்பிட்டான். எமில்டா முதலில் கேட்டது அதைத்தான். "கண்டனியோடா?"

"இல்லை அக்கா. எனக்கு நடுச் சீற்தான் தந்தாங்கள். ஜன்னல் கரையிலை ஒரு வயசான சிங்கள அம்மா. சிவப்புச் சீலையோடை என்ரை அக்கா நிப்பா, கண்டா சொல்லுங்கோ எண்டு கேட்டனான். மனுசி கண்ணாடியிலை மூக்கை வைச்சுக்கொண்டு பாத்தா. சிவப்பு ஒண்டும் இல்லை மகன், ஆனா ஒரு ஆள் மஞ்சள் துணியோடை ஓடுறார் எண்டா. நானும் எட்டிப் பாத்தன். மெலிஞ்ச ஆள், மீசையும் இருந்த மாதிரிக் கிடந்தது. ஓடி, விழுந்து போனார். ஆர் அக்கா அது?"

எமில்டா ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு கஸ்பரைப் பார்த்தாள். அவன் புண்ணான முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தான். யாக்கோப்பு அவனைக் கலியாணப் படத்தில் கோட்டும் சூட்டுமாகப் பார்த்ததோடு சரி.

"அது உன்ரை அத்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது அழுகையாயிற்று. கஸ்பர் வந்து ரெலிபோனை வாங்கி, முதன்முதலாகத் தன் மைத்துனனோடு பேசினான். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வந்தது. இரண்டு பேரும் பேசாமல் அது போகும்வரை காத்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை புல்வெளியில் எமில்டா இந்தக் கதையை இங்கிலிஷில் சொன்னாள். ஒருவரும் இடையில் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே தேடிப் பிடித்துச் சொல்லி முடித்தாள். றொன் எழுந்து கஸ்பருக்குக் கை கொடுத்தார்.

தொண்ணூற்றாறில் றொன் காலமானார். மோறீன் மகளோடு வேல்ஸுக்குப் போய்விட்டாள். ரைஸ்ரார்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எமில்டாவின் வழக்கு முடிந்தது. தொண்ணூற்றெட்டு மாரிகாலத்தில் யாக்கோப்பு கனடா பாஸ்போட்டோடு வந்து ஒரு கிழமை நின்றான். ஒரு பின்னேரம் அவனைத் தங்கள் காரில் மேர்ட்டில் அவெனியூவுக்குக் கூட்டிப் போனார்கள். அவன் இரண்டு விமானம் பார்த்தான்.

"சரியான குளிர் அக்கா. வாங்கோ போவம்."

"நீ போய்க் காருக்குள்ளை இரு. சிங்கப்பூர்க்காரன் வரப்போறான். பாத்திட்டு வாறன்."

அவன் போய் சீற்றைச் சாய்த்துப் படுத்து நித்திரையாகிப் போனான். கஸ்பர் அவளுக்குப் பக்கத்தில் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.