பாதித் திரை

லிஃப்ட் மெக்கானிக் புது ரேஸ் விளையாட்டை டிவியில் போட்டு, மெனுவை மேலும் கீழும் உருட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டார். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே டிவியில் இரண்டு பேர் ஆடுகிற வசதி அதில் எங்கேயும் இல்லை. அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் இரண்டாவது கன்ட்ரோலரை மடியில் வைத்திருந்தாள். பள்ளிப் படிப்பின் கடைசி வருடம். அப்பாவுக்குத் தெரியாதது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இருக்காதுப்பா. இப்ப வர்றதுல பாதிக்கு மேல அது கிடையாது. ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு டிவி வேணும். நெட்லதான் சேர்ந்து ஆடணும்."

"ஒரே சோபால உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேர் எதுக்குடி நெட்ல போய்ச் சந்திச்சுக்கணும்?"

கடைக்குப் போன் போட்டார். கடைக்காரப் பையன் பொறுமையாகவே பேசினான். படம் தத்ரூபமாகத் தெரிய வேண்டும், ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மேகம்கூடத் தெரிய வேண்டும், இரண்டு பேருக்கு அதைக் காட்ட மெஷின் திணறும், அதனால் எடுத்துவிட்டார்கள் என்றான்.

"தண்ணியில மேகம் தெரியணும்னு பக்கத்துல இருக்கிற ஆளைத் தூக்கி வெளிய போடுவாங்களா? கண்ணாடி பளபளன்னு இருக்கணும், அதனால ஒரே ஆள்தான் ஏறலாம்னு நான் ஒரு லிஃப்ட் மாட்டினா என்னைச் சும்மா விடுவீங்களா?"

"இப்பல்லாம் யாரு சார் ஒண்ணா உட்கார்ந்து ஆடுறாங்க?"

"நாங்க ஆடுறோம்யா," என்று போனை வைத்தார்.

இந்த வயசில் ஒரு விளையாட்டுக்கா இந்தக் குதி என்று யாரும் சிரிக்கலாம். சிரிக்கிறவர்களுக்கு அந்த வீட்டுச் சனிக்கிழமை தெரியாது. மனைவியைப் பிரிந்து அவர் தனி வீடு பார்த்து வந்தபோது, சனிக்கிழமை மட்டும் மகள் வருவாள் என்று முடிவானது. ஆரம்பத்தில் வந்தவள் சோபாவின் ஒரு முனையில், இவர் மறுமுனையில். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதோடு பேச்சு படுத்துவிடும். பிறகுதான் யாரோ விற்ற பழைய மெஷினையும் ரேஸ் விளையாட்டையும் வாங்கிப் போட்டார். மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி அவளுக்கு. கண் ரோட்டில் இருந்ததால் வாய் தானாகத் திறந்தது. கணக்கில் தோற்றதையும், உயிர்த்தோழி பேசாமல் போனதையும், அம்மா இப்போதெல்லாம் சிரிக்கிறாள் என்பதையும் வளைவு திரும்பும்போதுதான் சொன்னாள். கஷ்டமான பேச்சு வந்தால் ஒருவர் காரை ஒருவர் இடித்துவிடலாம். அந்த மெஷின் புகைந்து, ரிப்பேர்காரரும் கைவிரித்துவிட்டார். புதுசாக வாங்கிய மெஷினுக்கு வந்த விளையாட்டோ இந்த லட்சணத்தில் இருக்கிறது. வயிறு எரியாதா?

மகள் நல்ல மனசோடுதான் சொன்னாள்:

"மாமா வாங்கிக் கொடுத்த மெஷின் அம்மா வீட்டுல இருக்குப்பா. நான் அங்கேருந்தே உங்ககூட ஆடுறேனே. ரெண்டு பஸ் மாறி வர வேண்டியதில்ல."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதித் திரையோடு மகளும் போய்விடுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. வந்த வார்த்தைகளை மென்று விழுங்கிவிட்டு, "உன் இஷ்டம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சோபா முழுக்க அவருக்கே. காதில் ஹெட்போன், டிவி முழுக்க ஒரே ரோடு. மேகம் தெரிகிற தண்ணீரும் இருந்தது, அதைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட. மகளுடைய காரைத்தான் காணோம். முன்பென்றால் கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும். பின்தங்கிவிட்டாளோ என்று வண்டியைத் திருப்பி வந்த வழியே ஓட்டினார். திரை சிவந்து எச்சரித்தது. அவர் கேட்கவில்லை. எதிர்த்திசையில் வருகிறாய் என்று பந்தயத்திலிருந்தே வெளியே தள்ளிவிட்டது.

"அப்பா, எங்க போனீங்க?"

"உன்னைத் தேடித்தான் வந்தேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டானுங்க."

ஹெட்போனுக்குள் யாரோ ஒரு பெண் சிரித்தாள். "யாருடி அது?" என்றது இன்னொரு குரல். மகளின் தோழிகளும் அந்தப் பந்தயத்தில் இருந்திருக்கிறார்கள். அவ்வளவுதான், மனுஷருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கம்பெனிக்காரனை, அவன் கம்ப்யூட்டரை, அவன் வம்சத்தை, வாய்க்கு வந்தபடி வாங்கு வாங்கென்று வாங்கினார். மூச்சு வாங்க நிறுத்தியபோது தோழிகள் போயிருந்தார்கள்.

"அப்பா," என்றாள் மகள். "கோபம் கம்பெனி மேலயா, என் மேலயா?"

பூசி மெழுக அவருக்குத் தெம்பில்லை.

"உன் மேலதான். ரெண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வர்றது உனக்கு அவ்வளவு பாரமா?"

"இருங்க, வரேன்," என்று துண்டித்தாள்.

வந்தும்விட்டாள். கதவைத் திறந்ததும் விறுவிறுவென்று உள்ளே போய், டிவியை அணைத்து, சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பத் திட்டுங்க. என் மூஞ்சியப் பார்த்துத் திட்டுங்க."

பார்த்தார். கன்னத்தில் பரு வந்திருந்தது. புருவத்தைத் திருத்தியிருந்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று தெரியவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நீங்க திட்டலேன்னா நான் திட்டுறேன்," என்றாள். "பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினீங்களே, அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஸ்கூல் விட்டு வந்து பார்த்தா உங்க பீரோ காலி. இதைக் கேட்கணும்னுதான் சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க ரேஸைப் போட்டுடுவீங்க."

அவர் அணைந்த டிவி பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"அது... ஆடும்போது நீ சந்தோஷமா இருக்கியேன்னு..."

"நீங்க தப்பிச்சுக்கிட்டீங்க."

அன்று சாயங்காலம் வரை அவள் விடவில்லை. சிலதுக்குப் பதில் சொன்னார், சிலதுக்குக் குரலை உயர்த்தினார், சிலதுக்குத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபோதெல்லாம் "இங்க பாருங்க" என்று அதட்டினாள். மாடி வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருட்டுவதற்குள் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"அடுத்த சனிக்கிழமையும் வருவேன். எனக்கு இன்னும் கோபம் தீரல."