ஆவாரஞ்செடிக்குத் தண்ணீர்

காளியப்பன் பட்டாளத்துக்குப் புறப்பட்டது காப்புக் கட்டும் நாளில். பொங்கலுக்கு முந்தின அந்த நாளில், ராசிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வேப்பிலையையும் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சேர்த்துக் கட்டி, கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிணற்று மேட்டிலும் செருகுவார்கள். கெட்டது எதுவும் அண்டாது. காப்புக்குப் பூ ஒடிக்க ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றுக்குப் போன காளியப்பன், பூவோடு ஒரு சின்ன ஆவாரங்கன்றையும் வேர்மண் உதிராமல் பெயர்த்துக்கொண்டு வந்தான். வாசலில் கடப்பாரையால் குழி தோண்டினான். ஒரு முழத்துக்குக் கீழே சுக்கான்பாறை. கடப்பாரை துள்ளித் துள்ளி எழுந்தது.

அவன் மனைவி மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரடெல்லாம் காடாக் கெடக்குது ஆவாரை. அதப் போயி ஊட்டு வாசல்ல நடற ஆளு நீங்க ஒருத்தருதானுங்க."

"கதையில ராசகுமாரன் நட்டானில்ல? நானும் நடறேன். இது வாடுனா எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு தெரிஞ்சுக்க."

"அவன் மல்லியச் செடியல்லங்க நட்டான்?"

"மல்லி வாடிப்போகும் புள்ளே. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டான்னு சும்மாவா சொல்றாங்க?"

அந்தக் கதை, கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டும்போது அவன் சொல்வது. எருதுகள் வாரிச் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு துண்டு சொல்வான். தோல்பறி தண்ணீரைக் கொட்டியதும் எருதுகள் பின்னுக்கு நடக்கும், அவனும் பின்னுக்கு நடப்பான், கதை நின்றுவிடும். மறுபடி இறங்கும்போது அடுத்த துண்டு. வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த மயிலம்மாள் அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதுதான் அது. ஒரு ராசகுமாரன் ஏழு கடலுக்கு அப்பால் போகிறான். போகும்போது வாசலில் ஒரு செடி நடுகிறான். செடி பச்சையாக இருக்கும்வரை அவனும் நலம். செடி தலை சாய்ந்தால் அவனுக்கு ஆபத்து.

இப்படிப்பட்ட கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஏன் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், அவை போனவனுக்காகச் சொன்ன கதைகள் அல்ல என்று தெரியும். இருப்பவளுக்காகச் சொன்னவை. தூரத்தில் ஒருவன் என்ன ஆனான் என்று தெரியாதபோது மனத்துக்குள் ஒரு பயம் வந்து உட்காருகிறது. அதற்கு உருவம் இல்லை, கையால் தொட முடியாது, அதை ஒன்றும் செய்யவும் முடியாது. கதை அந்தப் பயத்தை எடுத்து வாசலில், கைக்கெட்டும் இடத்தில் நட்டு வைக்கிறது. பிறகு கண்ணுக்குப் பார்க்க ஒன்று உண்டு. கைக்குச் செய்ய ஒரு வேலை உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு பச்சை இலையைப் பார்த்தால் அன்றைய பொழுது ஓடிவிடும்.

மயிலம்மாளுக்கும் ஓடியது. முதல் வருஷம் மலேயாவிலிருந்து கடுதாசி வந்துகொண்டிருந்தது. அப்போது செடியை அவள் அதிகம் கவனிக்கவில்லை. முகம் கழுவிய செம்பில் மிச்சமிருந்தால் ஊற்றுவாள். செடி தன்பாட்டுக்கு வளர்ந்து, மஞ்சளாகப் பூத்தது.

அப்புறம் சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று ராசிபுரம் சந்தையில் சொன்னார்கள். கடுதாசி நின்றது.

அன்றிலிருந்து அவள் ஒரு செம்பு தண்ணீரை முழுதாக ஊற்றினாள். பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்தக் கோடையில் அது குடமாயிற்று. ஊற்றிவிட்டுச் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செவலை கன்று போட்டதையும், சோளம் இந்த வருஷம் பதராய்ப் போனதையும் அதனிடம் சொல்வாள். மண் தண்ணீரை உறிஞ்சும்போது மெல்லிய ஒரு சத்தம் வரும். அவளுக்கு அது 'ம்' கொட்டுகிற மாதிரி இருக்கும். வெயில் சாய்கிற நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக மடங்கும். ஆவாரை இலைக்கு அது இயல்பு. தூரத்தில் எங்கோ அவனும் படுக்கப் போகிறான் என்று எண்ணிக்கொண்டு அவளும் எழுந்து உள்ளே போவாள்.

ஊருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தபால்காரர் வராத வீட்டுக்குச் செடியே தபால் ஆயிற்று. காட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, "காளியப்பன் எப்படியிருக்கான்?" என்று கேட்டு, தாங்களே செடியைப் பார்த்து, "தேவலாம், தெம்பாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுச் சின்னாயி ஒரு தடவை ஓர் இலையில் பூச்சி அரித்திருப்பதைப் பார்த்து, "ஏம் புள்ளே, கையில ஏதாச்சும் அடிபட்டிருக்குமோ?" என்றாள். மயிலம்மாள் அன்று சோறு உண்ணவில்லை.

இதில் ஓர் அதிசயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் ஆவாரையைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. மழையே இல்லாத வருஷத்திலும் கரட்டில் பூத்துக் கிடக்கும் செடி அது. தண்ணீர் தேங்கும் ஓடை ஓரத்தில் அது முளைப்பதில்லை என்று மாடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும். வாசலில் ஒரு பெண் அதற்குக் குடம் குடமாக ஊற்றுவதை ஊரே பார்த்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அது அவர்கள் கண்ணுக்கு ஆவாரையாகத் தெரியவில்லை; காளியப்பனாகத் தெரிந்தது. புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்கிறவளிடம் போதும் நிறுத்து என்று யார் சொல்வார்கள்?

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரடு பச்சை, காடு பச்சை, கூரை மேல்கூடப் புல். அந்த ஒரு செடி மட்டும் மஞ்சளாயிற்று. மயிலம்மாள் மழையிலும் ஊற்றினாள். இலைகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. ஒரு நாள் காலையில் குச்சி மட்டும் நின்றது.

சின்னாயிதான் முதலில் மாரில் அடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. மாமனார் சடையன் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற தகப்பன் அவர். மகனைப் பற்றி இத்தனை நாள் அவரும் அந்தச் செடியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் முடிவைச் சொன்னார். உடம்பு கிடைக்காமல் செத்தவனுக்குச் காய்ந்த சோளத்தட்டையில் ஆள் மாதிரி கட்டிக் கொள்ளி வைப்பது வழக்கம். வருகிற அமாவாசைக்கு அதைச் செய்துவிட வேண்டும். அந்தச் செடியையும் வேரோடு எடுத்துத் தட்டையின் மேல் வைத்துவிட வேண்டும். அது முடிந்தால் மயிலம்மாள் தாலியைக் கழற்றி வெள்ளைச் சீலை கட்ட வேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அமாவாசை நெருங்கியது. மயிலம்மாள் சுவரோரமாகப் படுத்தே கிடந்தாள். கண்ணை மூடினால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் கேட்கவில்லை. காரியத்துக்காக அயோத்தியாப்பட்டணத்திலிருந்து காளியப்பனின் அக்காள் குஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். புருஷனின் அக்காளை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள். குஞ்சம்மாளுக்கு வாய் நீளம். அழுதுகொண்டே வந்தவள், அழுகை ஓய்ந்ததும் மயிலம்மாளை உலுக்கினாள்.

"எந்திரிடி. நீ கெடக்கற கெடையப் பாத்தா ரெண்டு பேருக்குத் தட்டை கட்டோணும் போல இருக்குது."

"வாடுனா ஆபத்துன்னு அவுங்கதான் சொன்னாங்க நங்கை."

"ஆபத்துன்னுதான சொன்னான்? செத்துட்டேன்னா சொன்னான்?"

மயிலம்மாள் தலையைத் தூக்கினாள். "கதையில அப்பறம் என்னுங்க ஆகும்?"

"உனக்குத் தெரியாதா?"

"பாதிதான் கேட்டிருக்கறேன். எருது திரும்பிரும். அவுங்களும் நிறுத்திருவாங்க."

குஞ்சம்மாளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "அவன் ஒரு கதைய முழுசாச் சொல்லியிருக்கறானா? எங்கம்மா சொன்ன கதையடி அது. செடி வாடுனதும் அந்தப் பொண்ணு கட்டுச்சோறு கட்டிட்டுப் பொறப்பட்டுருவா. தேடிட்டுப் போவா."

"கண்டுபிடிச்சாளா?"

"எனக்கும் அதுக்குள்ள தூக்கம் வந்துரும். ஆனாப் பொறப்படுவா. அது தெரியும்."

மறுநாள் செடியை எடுக்கும் வேலை மயிலம்மாளுக்கே வந்தது. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவள் குழியைச் சுற்றி வெட்டினாள். மேல்மண் விலகியதும் ஒரு வாடை வந்தது. குளத்தங்கரையில் ஊறப்போட்ட நார் நாறுகிற மாதிரி. அவள் கையை உள்ளே விட்டாள். குழியின் அடியில் தண்ணீர் நின்றது. சுற்றிலும் பாறை, ஒரு சட்டிக்குள் நட்ட மாதிரிதான் அந்தச் செடி நின்றிருந்தது. ஊற்றிய தண்ணீருக்கு இறங்க வழியில்லை. வேரைப் பிடித்து இழுத்தாள். அது முறியக்கூட இல்லை. தோல் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கறுப்பு.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் ஈரம் மட்டும் அல்ல, ஈரத்துக்கு நடுவே காற்றும் இருந்தால்தான் வேர் பிழைக்கும். காற்றிருந்த இடத்தையெல்லாம் அவளுடைய பயம் குடம் குடமாக வந்து நிரப்பிவிட்டது. கடுதாசி நின்றதிலிருந்து ஊற்றிய ஒவ்வொரு குடமும் அங்கேயே நின்றிருந்தது. இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் அந்தச் செம்மண்ணில் பிறந்தவள். கறுத்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தாள். செடியைக் கொன்றது கடலுக்கு அப்பால் நடந்த எதுவும் இல்லை.

ஆனால் அதை உடனே எழுந்து போய்ச் சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னால் இன்னொன்றையும் சொன்னதாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தது.

சடையன் கொட்டகையில் தட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் முடிந்து, கைக்குத் தட்டை தேடிக்கொண்டிருந்தார். மயிலம்மாள் வேரை அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, தண்ணி நின்னு அழுகியிருக்குதுங்க. நான் ஊத்துன தண்ணி."

அவர் வேரை எடுத்து முகர்ந்தார். உழுது பிழைக்கிற மனிதர். வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை.

"ஆமா சாமி," என்றார். "அழுகல்தான்."

"அப்ப இது அவுங்க சேதி இல்லீங்க."

சடையன் வேரைக் கீழே வைத்தார். பிறகு, கோபம் இல்லாமல், பயந்த குரலில் கேட்டார்: "இது வாடுனது அவன் சேதி இல்லீன்னா... ரெண்டு வருசமாப் பச்சையா நின்னுச்சே சாமி, அது?"

கொட்டகை வாசலில் குஞ்சம்மாள் நின்றாள். சின்னாயியும் வந்திருந்தாள்.  அந்தப் பச்சையைத்தான் மயிலம்மாள் தினமும் தின்று உயிரோடு இருந்தாள். அதை வைத்துக்கொள்ள வேண்டுமானால் இந்த மஞ்சளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டால் மற்றதும் போகும்.

"அதுவும் இல்லீங்க மாமா," என்றாள். "ரெண்டுமே இல்லீங்க. நமக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"அட, இப்படியும் பேசுவாளா ஒருத்தி!" என்றாள் சின்னாயி.

"நீ சும்மா இரு சின்னாயி," என்றாள் குஞ்சம்மாள். "உன் ஊட்டுத் தட்டையா போகுது?"

சடையன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். கால் மட்டும் இருந்த அந்த உருவத்தைப் பார்த்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தார், இன்னொன்றை அவிழ்த்தார். தட்டைகள் சரசரவென்று சரிந்து வெறும் மாட்டுத் தீனியாயின. அவர் வாய்விட்டு அழுதார். செடி வாடிய அன்று அவர் அழவில்லை.

மறுநாள் விடிந்ததும் மயிலம்மாளும் குஞ்சம்மாளும் கட்டுச்சோற்றோடு ராசிபுரத்துக்கு நடந்து சேலம் பஸ் பிடித்தார்கள். சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது, கரியில் ஓடுகிற பஸ். பின்னால் கட்டியிருந்த உருளையில் அடுப்புக்கரி புகைந்தது. கரி முழுதாக எரிந்துவிடக் கூடாது. காற்றுக் குறைவாக விட்டு அரைகுறையாகப் புகைய விட்டால்தான் இஞ்சினை ஓட்டுகிற வாயு வரும் என்று கண்டக்டர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பனித்திரைக்குள் மலைகள் ஒவ்வொன்றாக வந்து, பார்த்துவிட்டு, மறைந்தன. மயிலம்மாள் முழங்கை வரை கரியோடு உட்கார்ந்திருந்தாள்.

சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "யாரப் பத்திம்மா கேக்கற? பேர் என்ன?" என்றார்.

"எங்கூட்டுக்காரருங்க," என்றாள் மயிலம்மாள்.

"அது தெரியுது. பேரச் சொல்லு."

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுத்துச் சொல்வார்கள். அதற்காகவே வந்தவள் போலக் குஞ்சம்மாள் முன்னால் வந்து வாயெடுத்தாள். மயிலம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"காளியப்பனுங்க," என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, "சடையன் மகன் காளியப்பன்."

அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். "செத்தவங்கள்ல இல்லம்மா. உயிரோட இருக்கறதாவும் சேதி வரல. ஜப்பான்காரன் பிடிச்சு வெச்சிருக்கலாம். தெரியாது."

"தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா."

குஞ்சம்மாள் அவளைப் பார்த்தாள். மயிலம்மாள் சீலைத்தலைப்பால் கையிலிருந்த கரியை மெதுவாகத் துடைத்தாள்.

"சரிங்க," என்றாள். "அப்ப மறுபடியும் எப்ப வந்து கேக்கட்டுங்க?"